ரெட்டினாயிக் ஆசிட் மரபணுக்களைத் திறப்பதை எச்எல்-60 செல்களில் பார்ப்பது எப்படி: எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்பவர்களுக்கு

டிசம்பர், ஜனவரி வந்தாலே காலாப்பட்டு பக்கமும் கடலூர், சிதம்பரம் பக்கமும் கடைசி செமஸ்டர் பிள்ளைகள் ப்ராஜெக்ட் தலைப்புக்காக அலைவார்கள். அவர்களில் சிலருக்காவது வைட்டமின் ஏ-யும் ரத்த செல் வளர்ச்சியும் என்கிற மாதிரி ஒரு தலைப்பு வந்து சேரும். வைட்டமின் ஏ-யிலிருந்து உடல் உண்டாக்கும் ரெட்டினாயிக் ஆசிடை எச்எல்-60 என்ற லுகேமியா செல்லுக்குக் கொடுத்துப் பார்க்கிற வேலை அது. கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். நான்கு மாதத்தில், ஒரு சாதாரண செல் கல்ச்சர் அறையில், அதிகச் செலவில்லாமல், மரபணுக்கள் திறப்பதையும் மூடுவதையும் சொந்தக் கையால் பார்க்க முடிகிற பரிசோதனைகள் ரொம்பக் குறைவு, அதில் இது ஒன்று.

ஆனால் பெரும்பாலான ரிப்போர்ட் எப்படி முடிகிறது தெரியுமா? ஐந்தாம் நாள் செல்கள் நீலக் கறுப்பாக மாறிய ஒரு படம், பக்கத்தில் மாறாத கன்ட்ரோல் படம், கீழே "ரெட்டினாயிக் ஆசிட் ரத்த செல்லின் மரபணுக்களைக் கட்டுப்படுத்துகிறது" என்று ஒரு வரி. அந்தப் படம் அந்த வரியை நிரூபிக்கவில்லை. செல் முதிர்ந்தது என்பது மட்டும்தான் அதில் தெரிகிறது. எந்த மரபணுவை ரெட்டினாயிக் ஆசிட் நேராகப் போய்த் தொட்டது, எது அதன் பின்னால் சங்கிலியாக வந்தது என்பது முதல் சில மணி நேரத்திலேயே முடிந்துபோன கதை. அந்த மணி நேரங்களைத் தனியாகவும் நாட்களைத் தனியாகவும் பாருங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவது.

செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்

வைட்டமின் ஏ என்றால் நம் ஊரில் எல்லாருக்கும் கண்தான் ஞாபகம் வரும். அங்கன்வாடியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தைக்குக் கொடுக்கிற சிரப், முருங்கைக்கீரை, மாலைக்கண். ஆனால் வைட்டமின் ஏ குறைந்தால் ரத்தசோகையும் வரும், நோய் எதிர்ப்பும் குறையும். கண்ணுக்கு வேண்டியது ரெட்டினால்டிஹைடு. ரத்த செல்லுக்கு வேண்டியது அதற்கு அடுத்த படி. உடலில் ரெட்டினால் முதலில் ரெட்டினால்டிஹைடாகவும், பிறகு ஏஎல்டிஎச்1ஏ வகை நொதிகளால் ரெட்டினாயிக் ஆசிடாகவும் மாறுகிறது. இந்த இரண்டாவது படியில் திரும்பிப்போக வழி கிடையாது. ஆசிட் ஆனதும் அது உட்கருவுக்குள் போய் நேராக மரபணு வேலையில் இறங்குகிறது.

உட்கருவுக்குள் அதற்கு ஒரு ஏற்பி காத்திருக்கிறது. பெயர் ஆர்ஏஆர். ஆல்ஃபா, பீட்டா, காமா என்று மூன்று வகை உண்டு. 1987-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் பியர் ஷாம்போன் குழுவும், கலிபோர்னியாவில் ரொனால்ட் எவன்ஸ் குழுவும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். ஆர்ஏஆர் தனியாக வேலை செய்யாது, ஆர்எக்ஸ்ஆர் என்ற இன்னொரு ஏற்பியோடு ஜோடி சேர்ந்து டிஎன்ஏ மேல் உட்காரும். உட்காரும் இடத்துக்கும் ஓர் அடையாளம் உண்டு: ஏ-ஜி-ஜி-டி-சி-ஏ போன்ற ஆறெழுத்து இரண்டு முறை வரும், இடையில் பெரும்பாலும் இரண்டு அல்லது ஐந்து எழுத்து இடைவெளி இருக்கும். ஐந்து எழுத்து இடைவெளி என்றால் அதை டிஆர்5 என்பார்கள்.

நிறையப் பேர் தவறவிடுகிற இடம் இதுதான். ரெட்டினாயிக் ஆசிட் வந்தபிறகுதான் ஏற்பி டிஎன்ஏ-வுக்குப் போகிறது என்று எழுதிவிடுகிறார்கள். பல மரபணுக்களில் அந்த ஜோடி முன்னாடியே அங்கே உட்கார்ந்திருக்கிறது. சும்மா உட்கார்ந்திருப்பதில்லை, என்கோர், ஸ்மர்ட் என்ற துணைப் புரதங்களையும், டிஎன்ஏ சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் உள்ள அசெட்டைல் குறிகளை அழிக்கும் நொதியையும் பிடித்து வைத்துக்கொண்டு மரபணுவை மூடியே வைத்திருக்கிறது. ரெட்டினாயிக் ஆசிட் ஏற்பியின் குழிக்குள் நுழைந்ததும் ஏற்பியின் கடைசிச் சுருள் மடங்கி உருவம் மாறுகிறது. அடக்கும் கூட்டம் கழன்று, பி300 மாதிரி அசெட்டைல் குறி போடுகிற கூட்டம் வந்து ஒட்டுகிறது. அதாவது, யாரையும் உள்ளே விடாமல் வாசலில் உட்கார்ந்திருந்த அதே காவலாளிதான், சீட்டு கைக்கு வந்ததும் எழுந்து கதவைத் திறக்கிறார். வெளியிலிருந்து புது ஆள் வருவதில்லை. இதனால்தான் விளைவு இவ்வளவு வேகமாக, ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே தெரிகிறது.

இன்னொன்றும் இதிலிருந்து தெளிவாகிறது. ஒரே மூலக்கூறு ரத்தத்தின் வெவ்வேறு கட்டங்களில் வெவ்வேறு வேலை செய்யும். கருவில், ரத்தக்குழாய்ச் சுவரின் செல் ரத்த செல்லாக மாறும் கட்டத்துக்கு அது தேவை. வளர்ந்தபிறகு எலும்பு மஜ்ஜையில் ஆழ்ந்து ஓய்விலிருக்கும் ஸ்டெம் செல்களை அந்த ஓய்விலேயே வைத்திருக்கவும் அது உதவுகிறது. எலியில் 2017-ல் வந்த ஆய்வில், உணவில் வைட்டமின் ஏ-யை நிறுத்தியபோது அந்தச் செல்களால் ஓய்வு நிலைக்குத் திரும்ப முடியவில்லை. ஆனால் ப்ரோமைலோசைட் என்ற இளம் வெள்ளையணுக் கட்டத்தில் அதே ரெட்டினாயிக் ஆசிட் முதிர்ச்சியைத் தூண்டுகிறது. அந்தச் செல்லில் எந்த ஏற்பி இருக்கிறது, எந்த மரபணு எட்டும் நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து பதில் மாறுகிறது. அதனால் "வைட்டமின் ஏ ரத்த செல்லை முதிரவைக்கும்" என்று மொட்டையாக எழுதாதீர்கள், எந்தக் கட்டத்துச் செல் என்று சேர்த்து எழுதுங்கள்.

நோயின் பக்கத்திலிருந்தும் ஓர் ஆதாரம் உண்டு, அறிமுகப் பகுதியில் கட்டாயம் வையுங்கள். அக்யூட் ப்ரோமைலோசைடிக் லுகேமியாவில் 15-ஆம், 17-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டு பிஎம்எல் என்ற மரபணுவும் ஆர்ஏஆர்-ஆல்ஃபாவும் ஒட்டிப்போகின்றன. அந்த ஒட்டுப் புரதம், உடலில் சாதாரணமாக இருக்கும் ரெட்டினாயிக் ஆசிட் அளவுக்கு அசையாமல் மரபணுக்களை மூடியே வைத்திருக்கும், செல் முதிராமல் அங்கேயே நின்றுவிடும். மருந்து அளவில் கொடுத்தால் பிடி தளர்கிறது, அந்த ஒட்டுப் புரதமே சிதைகிறது. ஷாங்காயில் 24 நோயாளிகளுக்குக் கொடுத்து நோய் அடங்கியதை 1988-ல் வெளியிட்டார்கள். புற்றுசெல்லைக் கொல்லாமல் முதிரவைத்து வென்ற சிகிச்சை அது, படிக்கப் படிக்க இன்றும் எனக்குச் சிலிர்க்கும். இதே நோய்க்கு ஆர்சனிக் ட்ரையாக்சைடை மட்டுமே வைத்துச் சிகிச்சை கொடுத்த முக்கியமான தொடர் ஆய்வு நம் பக்கத்து வேலூர் சி.எம்.சி.-யிலிருந்து வந்தது, 2006-ல் வெளியானது. அதையும் ஒரு வரி எழுதுங்கள்.

எந்தச் செல், எப்படி வளர்ப்பது

எச்எல்-60 எடுங்கள். 1970-களின் இறுதியில் லுகேமியா வந்த 36 வயதுப் பெண்ணின் ரத்தத்திலிருந்து அமெரிக்காவில் உருவாக்கிய செல் அது. ரெட்டினாயிக் ஆசிட் கொடுத்தால் இது நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவின் பக்கம் முதிர்கிறது என்று 1980-லேயே காட்டிவிட்டார்கள். ஆனால் வைவாவில் கட்டாயம் மாட்டுகிற ஒரு விஷயம் இருக்கிறது: எச்எல்-60-ல் அந்த 15-17 மாற்றம் கிடையாது. ஆரம்பத்தில் ப்ரோமைலோசைடிக் என்று பெயர் வைத்ததால் இன்றும் பலர் பிஎம்எல்-ஆர்ஏஆர் இதில் இருக்கிறது என்றே எழுதுகிறார்கள். அந்த ஒட்டுப் புரதம் வேண்டுமென்றால் என்பி4 என்ற செல்லுக்குத்தான் போக வேண்டும். எச்எல்-60-ல் வேலை செய்வது சாதாரண ஆர்ஏஆர்-ஆல்ஃபா. உங்கள் தலைப்பு இயல்பான மரபணுக் கட்டுப்பாடு என்றால் இதுவே பொருத்தம்.

செல்லை நண்பர் லேபிலிருந்து ஒரு குழாயில் வாங்கிவராதீர்கள். புனேயில் இருக்கும் தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து உங்கள் கைடு பெயரில் வாங்குங்கள். பழைய செல் எத்தனை பாசேஜ் (புது மீடியத்துக்கு மாற்றி வளர்த்த தடவை) கடந்தது என்று யாருக்கும் தெரியாது. ரெட்டினாயிக் ஆசிடுக்கு அசையாத எச்எல்-60 வகைகளும் உண்டு, அவற்றில் ஆர்ஏஆர்-ஆல்ஃபாவிலேயே பிறழ்வு இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அப்படி ஒன்று கையில் கிடைத்தால் நான்கு மாதமும் போச்சு.

ஆர்பிஎம்ஐ 1640 மீடியம், 10 சதவீதம் எஃப்பிஎஸ் (கன்றுக் கருவின் சீரம்), 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. மிதக்கிற செல், ஒட்டிய செல்லைப் பிரிக்கும் ட்ரிப்சினுக்கு வேலையே இல்லை. மி.லி.க்கு 2 லட்சத்திலிருந்து 8 லட்சத்துக்குள் வைத்திருங்கள், 10 லட்சத்தைத் தாண்டவிடாதீர்கள். கூட்டம் அதிகமானால் தானாகவே கொஞ்சம் முதிர ஆரம்பிக்கும், அப்புறம் உங்கள் கன்ட்ரோலே கெட்டுப்போகும். உறைநிலையிலிருந்து எடுத்த செல்லை இரண்டு வாரமாவது வளர்த்துவிட்டுப் பரிசோதனையைத் தொடங்குங்கள். செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் ட்ரைபான் ப்ளூவில் பார்த்தால் 95 சதவீதம் உயிரோடு இருக்க வேண்டும். மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா இருக்கிறதா என்ற சோதனையை ஆரம்பத்திலேயே ஒருமுறை பிசிஆரில் பாருங்கள். அது கண்ணுக்குத் தெரியாது, மீடியம் கலங்காது, ஆனால் மரபணு அளவுகளை எல்லாம் மாற்றிவைக்கும்.

முதல் மாதத்திலேயே பத்துக் குப்பியாவது உறையவைத்துவிடுங்கள், குப்பிக்கு 50 லட்சம் செல், எஃப்பிஎஸ்-ல் 10 சதவீதம் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான். நம் கடற்கரை ஊருக்கு இது ரொம்ப முக்கியம். 2011 தானே புயலையும், 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சலையும் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கரண்ட் போனால் எப்போது வரும் என்று தெரியாது, இன்குபேட்டரில் இருப்பது பிழைக்காது. திரவ நைட்ரஜன் டேங்க்குக்குக் கரண்ட் தேவையில்லை. மழை மாதங்களில் பூஞ்சையும் சீக்கிரம் வரும், இன்குபேட்டர் தண்ணீர்த் தட்டை வாராவாரம் கழுவி, கொதிக்கவைத்து ஆறவைத்த காய்ச்சி வடித்த நீரை ஊற்றுங்கள்.

ரெட்டினாயிக் ஆசிடைக் கையாள்வது

இந்த இடத்தில் அவசரம் வேண்டாம். பரிசோதனை தோற்றுப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

முதலில் பாதுகாப்பு. ஏடிஆர்ஏ என்று சுருக்கமாகச் சொல்லும் ஆல்-ட்ரான்ஸ் ரெட்டினாயிக் ஆசிட், கருவில் இருக்கும் குழந்தையின் உறுப்புகளைக் கெடுக்கும். கரு வளரும்போது எந்த மரபணு எங்கே திறக்க வேண்டும் என்று சொல்வதே இந்த மூலக்கூறுதான், அளவு தப்பினால் உருவமே மாறும். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்கு வாய்ப்பிருப்பவர்களும் பொடியை எடை போடக் கூடாது, வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். மற்றவர்களும் கையுறை, மாஸ்க் இல்லாமல் தொட வேண்டாம்.

பொடி மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் பட்டால் உருமாறும், காற்றுப் பட்டால் கெடும். எடை போட்டுக் கரைக்காமல், வந்த குப்பிக்குள்ளேயே டிஎம்எஸ்ஓ ஊற்றிக் கரைப்பது சுலபம், தூசும் பறக்காது. மூலக்கூறு எடை 300.44, ஆகவே 50 மி.கி. குப்பி என்றால் 16.6 மி.லி. ஊற்றினால் 10 மில்லிமோலார் வரும். ஹூட் விளக்கை அணைத்துவிட்டு, மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்யுங்கள். சின்னச் சின்னக் குழாய்களில் 50 மைக்ரோலிட்டராகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அலுமினியத் தாளில் சுற்றி, மைனஸ் 80-ல் வையுங்கள். எடுத்ததை ஒருமுறை பயன்படுத்திவிட்டுக் கொட்டிவிடுங்கள், மறுபடி உறையவைக்க வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் அறை 38 டிகிரி இருக்கும்போது குழாயை மேசையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வரும்போது உள்ளே இருப்பது நீங்கள் வைத்த மருந்து இல்லை.

செல்லுக்குக் கொடுக்கும் அளவு 1 மைக்ரோமோலார். 10 மில்லிமோலாரிலிருந்து அன்றன்றைக்கு 1 மில்லிமோலார் செய்து, மி.லி.க்கு 1 மைக்ரோலிட்டர் சேர்த்தால் சரியாக வரும், டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதம்தான் இருக்கும். இந்த 0.1-ஐ ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், டிஎம்எஸ்ஓ-வே 1.25 சதவீதம் அளவில் எச்எல்-60-ஐ நியூட்ரோஃபிலாக மாற்றிவிடும். கரைப்பானை அளவில்லாமல் ஊற்றிவிட்டு வைட்டமின் ஏ வேலை செய்தது என்று எழுதினால் அதில் அர்த்தமில்லை. அதனால் கன்ட்ரோல் ஃபிளாஸ்க்கில் கட்டாயம் அதே 0.1 சதவீத டிஎம்எஸ்ஓ போடுங்கள். தனியாக 1.25 சதவீதம் போட்ட ஃபிளாஸ்க் ஒன்றையும் வைத்துக்கொண்டால் நல்லது, ஏற்பி வழியில்லாமல் முதிர்ந்த செல் எப்படி இருக்கும் என்று ஒப்பிட அது உதவும்.

ஏன் 1 மைக்ரோமோலார் என்று கேட்பார்கள். ரத்தத்தில் இயல்பாக இருப்பது சில நானோமோலார்தான். ஆக நீங்கள் கொடுப்பது மருந்து அளவு, உடலின் இயல்பு அளவு அல்ல. இதை ஒளிக்காமல் எழுதுங்கள். முடிந்தால் 1, 10, 100, 1000 நானோமோலார் என்று ஒரு வரிசையும் செய்யுங்கள். ஆனால் எஃப்பிஎஸ்-லேயே ரெட்டினால் கொஞ்சம் இருக்கும், குறைந்த அளவுகளைச் சோதிக்கும்போது கரி வைத்து வடித்த சீரம் வாங்கிப் பயன்படுத்துங்கள்.

மணி நேரங்கள்

ஒவ்வொரு ஃபிளாஸ்க்கிலும் மி.லி.க்கு 3 லட்சம், 10 மி.லி. வைத்தால் 30 லட்சம் செல், ஆர்என்ஏ எடுக்க அது போதும். 0, 2, 6, 24, 96 மணி நேரம் என்று வையுங்கள். ஒவ்வொரு நேரத்துக்கும் மருந்து ஒன்று, டிஎம்எஸ்ஓ கன்ட்ரோல் ஒன்று. பூஜ்ஜிய நேரக் கன்ட்ரோல் மட்டும் போதாது, ஒரு நாள் போனாலே செல் அடர்த்தி கூடி மரபணுக்கள் தானாக மாறும். இதை மூன்று வெவ்வேறு நாளில், வெவ்வேறு பாசேஜில் செய்ய வேண்டும். ஒரே ஃபிளாஸ்க்கை மூன்று குழாயாகப் பிரித்து மூன்று தடவை என்று கணக்குக் காட்டுவது பிசிஆர் மெஷினைச் சோதிப்பதே தவிர செல்லைச் சோதிப்பதல்ல.

எந்த மரபணுக்கள்? நான் சொல்லும் சின்னப் பட்டியல் நான்குதான். சிப்26ஏ1, சிடி38, சி/இபிபி-எப்சிலான், சிடி11பி. இதில் சிப்26ஏ1 எனக்குப் பிடித்தது. ரெட்டினாயிக் ஆசிட் இதைத் திறக்கிறது, இதிலிருந்து வருகிற நொதி ரெட்டினாயிக் ஆசிடையே உடைத்துப் போடுகிறது. தன்னை அழிக்கும் நொதியைத் தானே வரவழைத்துக்கொள்ளும் அந்தச் சுற்றினால்தான் உடலில் அளவு கட்டுக்குள் நிற்கிறது. சிடி38-இல் ஏற்பி உட்காரும் இடம் மரபணுவுக்கு முன்னால் இல்லை, முதல் இன்ட்ரானுக்குள் இருக்கிறது. எச்எல்-60-ல் இது சீக்கிரமாகவும் பலமாகவும் ஏறும். சி/இபிபி-எப்சிலான் நியூட்ரோஃபில் முதிர்ச்சியின் பின்பகுதியை நடத்துகிற புரதம், அதன் ப்ரமோட்டரிலும் ரெட்டினாயிக் ஆசிடுக்குப் பதில் சொல்லும் இடம் இருக்கிறது. சிடி11பி மெதுவாக, நாட்கணக்கில் ஏறும், அதனால் ஒப்பிட நல்ல பின்வரிசை மரபணு. ஐந்தாவதாக ஒன்று சேர்க்க நேரமிருந்தால், செல் பெருக்கத்தைத் தூண்டும் மிக் (எம்ஒய்சி) என்ற மரபணுவை எடுங்கள். எச்எல்-60-ல் அது பெருகிக் கிடக்கிறது, முதிரும்போது இறங்கும், இறங்குகிற கோடு ஒன்று வரைபடத்தில் இருப்பது நல்லது.

ட்ரைசாலில் ஆர்என்ஏ எடுத்து, டிஎன்ஏஸ் போட்டு, 1 மைக்ரோகிராமில் சிடிஎன்ஏ செய்யுங்கள். ரிவர்ஸ் ட்ரான்ஸ்கிரிப்டேஸ் போடாத குழாய் ஒன்றும் ஓட வேண்டும். பொதுவான ஒப்பீட்டு மரபணு என்று ஜிஏபிடிஎச் மட்டும் எடுத்து முடித்துவிடாதீர்கள், முதிரும் செல்லில் அதுவும் அசையும். இரண்டு மூன்றை முதலில் எல்லா நேரத்திலும் ஓட்டி, எது அசையாமல் நிற்கிறதோ அதைப் பிடியுங்கள்.

சிப்26ஏ1-ல் ஒரு சிக்கல் வரும். பூஜ்ஜிய நேரத்தில் அது ஏறக்குறைய இல்லவே இல்லை, சிடி மதிப்பு (பிசிஆரில் எத்தனையாவது சுழற்சியில் அது தெரிந்தது என்ற எண்) 36, 37 என்று வரும். மருந்து போட்டதும் பல சுழற்சி கீழே வரும். கால்குலேட்டர் ஆயிரம் மடங்கு, இரண்டாயிரம் மடங்கு என்று காட்டும். அந்த எண்ணை அப்படியே போடாதீர்கள், இல்லாத ஒன்றால் வகுத்து வந்த எண்ணுக்கு மதிப்பில்லை. கன்ட்ரோலில் கண்டறியும் எல்லைக்குக் கீழே, ஆறு மணி நேரத்தில் தெளிவாக இருக்கிறது என்று எழுதி, இரண்டு சிடி மதிப்பையும் கொடுத்துவிடுங்கள். படிக்கிறவர் முடிவு செய்யட்டும்.

சரி, ஆறு மணி நேரத்தில் ஏறியது என்றால் நேரடியாகத் தொட்டதென்று அர்த்தமா? இல்லை. ஆறு மணி நேரத்துக்குள் ஒரு புரதம் உருவாகி, அது போய் அடுத்த மரபணுவைத் திறக்கவும் நேரம் இருக்கிறது. இதைப் பிரிக்கத்தான் சைக்ளோஹெக்ஸிமைடு. புதுப் புரதம் உருவாவதையே நிறுத்திவிடும். மி.லி.க்கு 10 மைக்ரோகிராம், ஏடிஆர்ஏ போடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் போட்டு, நான்கு மணி நேரத்தில் செல்லை எடுத்துவிடுங்கள், அதற்கு மேல் வைத்தால் செல் சாக ஆரம்பிக்கும். நான்கு ஃபிளாஸ்க்: ஒன்றும் இல்லாதது, ஏடிஆர்ஏ மட்டும், சைக்ளோஹெக்ஸிமைடு மட்டும், இரண்டும் சேர்ந்தது. ஒப்பிட வேண்டியது மூன்றாவதையும் நான்காவதையும். ஏனென்றால் சைக்ளோஹெக்ஸிமைடு மட்டும் போட்டாலே சில ஆர்என்ஏ-க்கள் உடையாமல் தேங்கி ஏறித் தெரியும், ஒன்றாவதோடு நான்காவதை ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். புதுப் புரதம் இல்லாமலே ஒரு மரபணு ஏறினால், அங்கே முன்னாடியே இருந்த ஏற்பி வேலை செய்கிறது என்று சொல்ல உங்களுக்குத் தெம்பு வரும். இதோடு ஆர்ஏஆர்-ஆல்ஃபாவை அடைக்கும் ஆர்ஓ 41-5253 என்ற பொருளையும் சேர்த்துப் போட்டுக் காட்ட முடிந்தால், எந்த ஏற்பி என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

குரோமாட்டின் இம்யூனோப்ரெசிபிடேஷன் (சிப்) பரிசோதனை செய்து ஏற்பி அந்த டிஎன்ஏ மேல் உட்கார்ந்திருப்பதையே காட்டலாமே என்று கைடு சொன்னால், நல்ல யோசனைதான், ஆனால் நான்கு மாதத்துக்குள் முதல்முறை செய்பவர் அதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. சைக்ளோஹெக்ஸிமைடு நான்கு ஃபிளாஸ்க்கை ஒழுங்காகச் செய்தாலே போதும்.

நாட்கள்

இந்தப் பகுதி எல்லாருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். மி.லி.க்கு 2 லட்சத்தில் தொடங்கி ஐந்து நாள். தினமும் எண்ணுங்கள், மருந்து போட்டதில் பெருக்கம் குறைந்துகொண்டே வரும். சிப்26ஏ1 மருந்தை உடைப்பதால் மூன்றாம் நாள் புது மீடியமும் புது மருந்தும் மாற்றுவதா வேண்டாமா என்று முதலிலேயே முடிவு செய்து, கன்ட்ரோலுக்கும் அதையே செய்யுங்கள்.

முதிர்ந்த செல்லை நீலக் கறுப்பாக்கிக் காட்டுகிற என்பிடி சோதனைக்கு மி.லி.க்கு 1 மி.கி. என்பிடி, செல்லைத் தூண்ட 200 நானோகிராம் பிஎம்ஏ, 37 டிகிரியில் அரை மணி நேரம். பிஎம்ஏ கைபடக் கூடாத பொருள், தோலில் புற்றுக்குத் துணைபோகும். நேரத்தையும் நீட்டாதீர்கள், அது பல மணி நேரம் இருந்தால் இதே செல்லை மேக்ரோஃபேஜ் பக்கம் தள்ளிவிடும். 200 செல் எண்ணுங்கள், எந்த ஸ்லைடு எது என்று தெரியாமல் இன்னொருவரும் எண்ணட்டும். நன்றாகப் பதில் சொல்லும் செல்லில் 80 சதவீதத்தைத் தாண்டும், கன்ட்ரோலில் பத்துக்குள் இருக்க வேண்டும்.

லீஷ்மன் சாயம் போட்ட ஸ்லைடை அவசரமில்லாமல் 100 ஆயில் லென்ஸில் பாருங்கள். கன்ட்ரோல் செல்லில் உட்கரு உருண்டையாக, முக்கால்வாசி இடத்தை அடைத்துக்கொண்டு, வெளிறிய நியூக்ளியோலஸ் தெரிய இருக்கும், சுற்றியிருக்கும் சைட்டோபிளாசம் ஆழ்ந்த நீலம். நான்காம், ஐந்தாம் நாள் செல்லில் அந்த நீலம் வெளுத்து இளஞ்சிவப்புச் சாயல் வரும், உட்கரு ஒரு பக்கம் குழிந்து அவரைவிதை வடிவமாகும், சிலவற்றில் வளைந்த பட்டையாகும், கொஞ்சத்தில் மடல் பிரிந்திருக்கும். எல்லாமே முழு நியூட்ரோஃபில் ஆகும் என்று எதிர்பார்க்காதீர்கள். லாக்டோஃபெரின் மாதிரி இரண்டாம் கட்டத் துகள் புரதங்களை எச்எல்-60 சரியாக உண்டாக்காது. வடிவம் வரும், என்பிடியில் தெரிகிற உயிர்வளி வெடிப்பு வரும், ஆனால் உள்ளே சரக்கு முழுசாக இருக்காது. இதை ரிப்போர்ட்டில் எழுதினால் நீங்கள் செல்லைப் புரிந்துகொண்டு வேலை செய்திருக்கிறீர்கள் என்று எக்ஸ்டர்னல் எக்ஸாமினருக்குத் தெரியும்.

செல்லின் மேல்பரப்புப் புரதங்களை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கிடைத்தால் சிடி38-ஐயும் சிடி11பி-யையும் ஒரே குழாயில் பாருங்கள். ஒரு நாளிலேயே சிடி38 ஏறிவிடும், சிடி11பி பின்தங்கியே வரும். மெஷின் உங்கள் கல்லூரியில் இல்லை என்றால் பக்கத்துப் பல்கலைக்கழகத்திலோ மருத்துவ நிறுவனத்திலோ கட்டணம் கட்டிப் பார்க்க முடியுமா என்று கைடு மூலமாகக் கடிதம் போட்டுக் கேளுங்கள், அதை ஜனவரியிலேயே கேளுங்கள், மார்ச்சில் கேட்டால் வரிசை கிடைக்காது.

நேரம் மிச்சமிருந்தால்

மணி நேரத்தையும் நாளையும் இணைக்கிற ஒரு பரிசோதனை இருக்கிறது, புது ரீஏஜென்ட் எதுவும் வேண்டாம். ஏடிஆர்ஏ-வைப் போட்டு 6, 24, 48 மணி நேரத்தில் கழுவி எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். சீரம் உள்ள மீடியத்தில் இரண்டு தடவை கழுவுங்கள், ஏனென்றால் ரெட்டினாயிக் ஆசிட் பிளாஸ்டிக்கில் ஒட்டும், ஆல்புமின் இருந்தால்தான் கழன்று வரும். பழைய ஃபிளாஸ்க்கிலேயே திருப்பிப் போடாமல் புது ஃபிளாஸ்க்கில் மருந்தில்லாத மீடியத்தில் விடுங்கள். எல்லாவற்றையும் ஐந்தாம் நாள் ஒன்றாக என்பிடி பாருங்கள்.

ஆறு மணி நேரத்தில் உங்கள் நேரடி மரபணுக்கள் எல்லாம் ஏறியிருக்கும், ஆனால் அப்போது கழுவிவிட்டால் பெரும்பாலான செல்கள் முதிராது. எச்எல்-60 திரும்பிப்போக முடியாத முடிவுக்கு வர ஏறக்குறைய 48 மணி நேரம், அதாவது இரண்டு செல் பிரிவுச் சுற்று அளவுக்கு மருந்து கூட இருக்க வேண்டும் என்று 1980-களிலேயே காட்டியிருக்கிறார்கள். முதல் சுற்றில் ஒரு தயார் நிலை, இரண்டாவதில் முடிவு. 24-இல் கழுவிய ஃபிளாஸ்க்கில் பாதிவழியில் நிற்கும் செல்கள் கிடைக்கும். அவற்றிலிருந்து கழுவும் நேரத்திலேயே கொஞ்சம் ஆர்என்ஏ எடுத்து வைத்திருந்தால், மரபணு திறந்தும் செல் ஏன் முதிரவில்லை என்ற கேள்வியோடு அடுத்த செமஸ்டர் பிள்ளை நேராக வேலையைத் தொடங்கலாம். குழாயில் தேதி, பாசேஜ் எண், எத்தனை மணி நேரம் என்று அழியாத மார்க்கரால் எழுதி, மைனஸ் 80-ல் எந்தத் தட்டு என்று நோட்டிலும் குறித்துவிடுங்கள்.